சுருள் முடிக்கு எந்தக் காப்புப் பின்னல்?

ஜூலை கடைசியில் லண்டன் பள்ளிகள் ஆறு வார விடுமுறைக்கு மூடும்போது எங்கள் வீட்டில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: இந்த ஆறு வாரமும் மகளின் தலையை எப்படிப் பின்னி வைப்பது? அவளுக்கு ஏழு வயது. அவளுடைய அப்பா கானா நாட்டுக் குமாசிக்காரர். முடி முழுக்க அப்பா வழியில் வந்தது. நனைத்து இழுத்துப் பிடித்தால் தோளைத் தாண்டும் முடி, காய்ந்ததும் சுருண்டு காதுமடல் வரை ஏறிவிடும். தேங்காய் எண்ணெய் தடவி, மேலிருந்து கீழாக வாரி, இரட்டைச் சடை போட்டு வளர்ந்த எனக்கு இந்த முடி பிடிபட மூன்று ஆண்டுகள் ஆயின. அந்த மூன்று ஆண்டுகளில் செய்த தவறுகளும், மாமியாரிடமும் நாத்தனாரிடமும் கற்றதும், தோல் மருத்துவர்கள் எழுதியவற்றைப் படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்ந்தே இந்த ஒப்பீடு ஆகியிருக்கிறது. எங்களைப் போல இரண்டு கண்டங்கள் கலந்த தமிழ்க் குடும்பங்கள் இப்போது பல ஊர்களில் இருப்பதால் யாருக்கேனும் பயன்படலாம்.

ரிலாக்ஸர் போன்ற இரசாயனங்களால் நேராக்கப்படாமல் அதன் போக்கில் சுருண்டிருக்கும் முடியைத்தான் ஆப்பிரிக்க வழியினர் இயற்கை முடி என்கிறார்கள். அந்த முடியின் நுனிகளை உள்ளே அடக்கி, தினசரிச் சீப்பிலிருந்தும் துணியின் உராய்விலிருந்தும் சில வாரங்களுக்கு ஒதுக்கி வைக்கும் அலங்காரங்களுக்கு ‘ப்ரொடெக்டிவ் ஸ்டைல்’ என்று பொதுப்பெயர். காப்புப் பின்னல் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். பின்னலே இல்லாத வகைகளும் இதில் உண்டு என்றாலும் சொல் வசதியாக இருக்கிறது. ரிலாக்ஸர் என்பது சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற கடுமையான காரத்தால் முடியின் உட்பிணைப்புகளை உடைத்து நேராக்கும் பசை. முடியை நேராக்கும் பொருள்களை ஓர் ஆண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்திய பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் இருந்ததாக அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் நீண்டகால ஆய்வொன்று 2022 அக்டோபரில் தெரிவித்தது. அதற்கு முன்பே பலர் ரிலாக்ஸரை விட்டு விலகத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் வீட்டில் அந்த வழியைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை.

இந்த முடிக்குக் காப்பு ஏன் தேவைப்படுகிறது என்று முதலில் புரிந்துகொண்டால்தான் தேர்வு எளிதாகும். நெருக்கமாகச் சுருளும் மயிரிழையின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் சற்றே தட்டையான நீள்வட்டமாக இருக்கிறது. அது முளைக்கும் வேர்ப்பையே வளைந்திருக்கிறது. தலைத்தோலில் ஊறும் எண்ணெய்ப் பசை நேர்முடியில் வழுக்கிக்கொண்டு இறங்குவதுபோல இத்தனை வளைவுகளையும் கடந்து நுனிவரை வருவதில்லை. ஆகவே வேர்ப்பகுதி பசையாக இருக்கும்போதும் நுனி வறண்டு கிடக்கும். ஒவ்வொரு வளைவும் முறியக்கூடிய இடம் என்பதால், வேரில் வளர்ந்தது நுனியில் ஒடிந்து ஈடாகிவிடுகிறது. “இவளுக்கு முடி வளரவே மாட்டேங்குதே” என்று சென்னையிலிருந்து வந்திருந்த என் அம்மா கவலைப்பட்டபோது உண்மையில் நடந்துகொண்டிருந்தது இதுதான்: முடி வளர்ந்துகொண்டுதான் இருந்தது, அம்மாவும் நானும் மாறி மாறிக் காய்ந்த தலையில் சீப்பை இறக்கி அதை ஒடித்துக்கொண்டிருந்தோம். இந்த முடியில் சிக்கெடுக்க வேண்டுமென்றால் தண்ணீரும் கண்டிஷனரும் ஊற ஊறத் தடவி, நுனியிலிருந்து தொடங்கி, விரலாலோ பல் அகன்ற சீப்பாலோ கொஞ்சம் கொஞ்சமாக வேருக்கு ஏற வேண்டும். தேங்காய் எண்ணெய் இழைக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் எண்ணெய் ஈரம் ஆகாது. ஈரம் இருக்கும்போது அதன்மேல் தடவினால்தான் அந்த ஈரம் தங்கும்.

காப்புப் பின்னலின் எதிரியும் காப்புப் பின்னலுக்குள்ளேயே இருக்கிறது. தொடர்ந்து இழுபடும் வேர் முதலில் நோகும், பிறகு மெலியும், ஆண்டுக்கணக்கில் அப்படியே போனால் தழும்பேறி மீண்டும் முளைக்காமலே போகும். ட்ராக்‌ஷன் அலோபீசியா என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்த இழுவிசை வழுக்கை எந்த ஓர் இனத்துக்கும் உரியதன்று: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடியை இறுக்கிக் கட்டிய கிரீன்லாந்துப் பெண்களிடம் அது குறித்து எழுதப்பட்டது, கொண்டையை இறுக முடிந்து தலைப்பாகை கட்டும் சீக்கிய ஆண்களிடமும் காணப்பட்டிருக்கிறது. தென்னாப்பிரிக்கத் தோல் மருத்துவர் நொன்ஹ்லான்ஹ்லா குமாலோவும் அவர் சகாக்களும் கேப் டவுனில் ஆராய்ந்தபோது, பார்த்த பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இது இருந்தது. ரிலாக்ஸர் போட்டு வலுவிழந்த முடியின் மேல் பின்னலோ ஒட்டுமுடியோ சேரும்போது ஆபத்து கூடுவதையும் அவர்கள் காட்டினார்கள். பெரும்பாலும் நெற்றியோரத்திலும் காதுக்கு முன்னே கன்னப்பொறியிலும் தொடங்கும் இதன் முன்னறிகுறிகள் கண்ணுக்குத் தெரியக்கூடியவை: பின்னி முடித்த இரவு தலையணையில் தலை சாய்க்க முடியாத வலி, பின்னலின் அடியில் தோல் கூடாரம்போலத் தூக்கி நிற்பது, வேர்களைச் சுற்றிச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். தொடக்கத்திலேயே தளர்த்திவிட்டால் முடி திரும்ப வளரும்.

ஆகவே ஒவ்வொரு பின்னலையும் நான் பார்க்கும்போது அழகை இரண்டாவதாக வைத்துவிட்டு, வேருக்கு எவ்வளவு எடை ஏறுகிறது, நெற்றியோரம் எந்தப் பக்கம் இழுபடுகிறது, தலைத்தோலைக் கழுவ வழி இருக்கிறதா, அவிழ்க்கும்போது எவ்வளவு முடி போகும் என்பவற்றை முதலில் கேட்கிறேன். நேரமும் பணமும் அதற்குப் பிறகு.

படங்களில் அதிகம் தென்படுவது பாக்ஸ் பின்னல். தலையைச் சிறு சிறு சதுரக் கட்டங்களாக வகிடெடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வேரடியிலேயே சவுரியை முடிச்சாகச் சுற்றி, நுனிவரை முப்புரியாகப் பின்னிக்கொண்டு போவார்கள். பெரியவர் ஒருவருக்கு நான்கு மணி நேரம் முதல் எட்டு மணி நேரம் வரை ஆகும். ஆறிலிருந்து எட்டு வாரம் தாங்கும். கட்டங்கள் சீராக, வேர்கள் அழுத்தமாக, பின்னிய அன்றே அச்சடித்ததுபோல் தெரிவதுதான் இதன் கவர்ச்சி, அந்த அழுத்தமே இதன் குறையும்கூட. முடிச்சு முதல் நாளிலிருந்தே வேரில் உட்கார்ந்துவிடுகிறது. அதோடு எடை இருக்கிறது. நான் வாங்கிய சவுரிப் பொட்டலத்தில் 165 கிராம் என்று அச்சிட்டிருந்தது. இடுப்பளவு நீளத்துக்குப் பெரியவர்கள் ஐந்து பொட்டலம் வைத்துக்கொண்டால் 825 கிராம் தலையிலிருந்து தொங்கும், அது நனைந்தால் இன்னும் கனக்கும். கட்டத்தின் அளவும் முக்கியம். சின்னக் கட்டத்தில் தடித்த பின்னலைத் தொங்கவிடுவதுதான் இருப்பதிலேயே கெட்ட சேர்க்கை, ஏனென்றால் நிறைய இழைகள் தாங்க வேண்டியதைக் கொஞ்சம் இழைகளே தாங்குகின்றன. நெற்றியோரத்தில் இந்தக் கணக்குத் தவறினால் அதன் விளைவு நெற்றியோரத்திலேயே தெரியும்.

இரண்டாண்டுக்கு முன் நானும் அப்படித்தான் ஒரு கடையில் அவளை உட்கார வைத்தேன். ஆறு மணி நேரம் கழித்துக் கண்ணாடியில் தன்னைப் பார்த்து அவள் சிரித்தாள், ஆனால் புருவம் மேலேறி இருந்தது. “வலி இரண்டு நாளில் தளர்ந்துவிடும், மாத்திரை கொடுங்கள்” என்றார்கள். இரவு பதினொரு மணிக்கு அவள் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். டார்ச் அடித்துப் பார்த்தால் நெற்றியோரம் முழுக்க மணல் தூவியதுபோல் சிவந்த பொடிக் கொப்புளங்கள். முன்னிரண்டு வரிசையையும் அன்றிரவே அவிழ்த்துவிட்டேன். வலிமாத்திரை போட்டுக்கொண்டு தாங்க வேண்டிய பின்னலைப் பின்னாமலே இருக்கலாம் என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த இரவில்தான்.

முடிச்சில்லாப் பின்னல், அதாவது நாட்லெஸ், இதற்கு வந்த மாற்று. சொந்த முடியில் முப்புரியைத் தொடங்கிவிட்டு, சில சுற்றுகளுக்குப் பிறகு சவுரியை மெல்லிய இழைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போவார்கள். வேரில் முடிச்சு கிடையாது. பின்னல் தலையோடு படிந்து, முதல் நாளே எந்தப் பக்கமும் திரும்பும். குழந்தை அன்றிரவே படுத்துத் தூங்கும். சவுரியின் எடை வேரில் நேரடியாகத் தொங்காமல் சற்றுக் கீழேயிருந்து தொடங்குவதால் இழுப்புக் குறைகிறது. எடை குறைவதில்லை என்பதை மறக்கக்கூடாது. இடுப்பளவு நாட்லெஸ் தோளளவு பாக்ஸ் பின்னலைவிடக் கனமாகவே இருக்கும். பின்ன இன்னும் அதிக நேரம் ஆகும், கூலியும் அதிகம், வேர்ப்பகுதி சீக்கிரம் பொசுபொசுவென்று கிளம்பிவிடும். மூன்றாம் வாரமே ‘பழசு’போலத் தெரிகிறதே என்று சிலர் குறைப்படுவார்கள். என் கணக்கில் அது குறையே அன்று. வேர் தளர்வாக இருக்கிறது என்பதற்கு அதுதான் சான்று. பாக்ஸா நாட்லெஸா என்று மட்டும் யாராவது கேட்டால் தயங்காமல் நாட்லெஸ் என்பேன். அதையும் தோளுக்குக் கீழே இறங்காமல் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

எந்தப் பின்னலானாலும் சவுரியைப் பற்றி இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. கடைகளில் மலிவாகக் கிடைப்பது மோடாக்ரிலிக் போன்ற செயற்கை இழை. அதன்மேல் பூசியிருக்கும் காரத்தன்மையுள்ள பூச்சு சிலருக்குத் தலை முழுக்க அரிப்பைக் கிளப்பும். பின்னுவதற்கு முதல் நாள் வெந்நீரும் வினிகரும் கலந்த வாளியில் சவுரியை ஊறவைத்தால் வெண்மையாக ஒரு படலம் மேலே மிதந்து வரும், அதை வடித்து அலசிக் காயவைத்த பிறகு பின்னினால் அரிப்பு வெகுவாகக் குறைகிறது. இன்னொன்று, வினிகரால் போகாதது: அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 2025-இல் பத்துச் செயற்கைச் சவுரி வகைகளைச் சோதித்தபோது எல்லாவற்றிலும் புற்றுநோயோடு தொடர்புடைய பொருள்கள் இருந்தன, ஒன்பதில் ஈயம் இருந்தது. பொட்டலம் நடைமுறையில் எவ்வளவு தீங்கு செய்யும் என்று அளப்பது வேறு ஆய்வு. ஆனால் சடை நுனியை வாயில் வைத்துச் சப்பும் வயதுக் குழந்தைக்குச் சவுரி வேண்டாம் என்று முடிவெடுக்க எனக்கு இதுவே போதுமானதாக இருந்தது.

சவுரியே இல்லாமல் செய்யக்கூடியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இருபுரி முறுக்கு. மூன்று கற்றைகளுக்குப் பதில் இரண்டே கற்றைகளைக் கயிறு திரிப்பதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு போவதுதான் இது. சுருள் முடி தன்னைத்தானே பற்றிக்கொள்வதால் நுனியில் ரப்பர் போடக்கூடத் தேவையில்லை, விரலில் சுருட்டிவிட்டால் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் தலை குளிப்பாட்டிவிட்டு, அவளை என் முழங்கால்களுக்கிடையே உட்கார வைத்து, தெளிப்பானில் தண்ணீரும் கொஞ்சம் கண்டிஷனரும் கலந்து தெளித்துத் தெளித்து, பிடரியிலிருந்து தொடங்கி நெற்றிக்கு வருவேன். மாமியார் ஊரிலிருந்து அனுப்பும் ஷியா வெண்ணெயை, அதாவது ஷியா மரக்கொட்டையின் கொழுப்பை, கடலை அளவு எடுத்து உள்ளங்கையில் உருக்கி ஒவ்வொரு கற்றைக்கும் தடவுவேன். கானாவில் அதற்கு இங்குட்டோ என்று சொல்கிறார்களாம், என் உச்சரிப்பைக் கேட்டு இரண்டு குடும்பமும் சிரிக்கிறது. நாற்பது முறுக்கு போட இரண்டரை மணி நேரம் ஆகிறது. வேருக்கு எடை என்று ஒன்றுமே இல்லை, தலைத்தோல் திறந்தே இருக்கிறது, அவிழ்ப்பதும் ஒரு மணி நேர வேலை, அவிழ்த்த அன்று அலையலையாக விரிந்து நிற்கும் முடி தனி அழகு.

குறையும் சொல்ல வேண்டும். பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம். அதற்குமேல் முறுக்கு பிரிந்து பக்கத்து முறுக்கோடு சிக்கிக்கொள்கிறது. நனைந்தால் சுருங்கி ஏறும், நீச்சல் குளத்தில் இறங்கினால் பாதி பிரிந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டரை மணி நேரம் ஒதுக்க முடியாத தாய்க்கு இது நடைமுறையில் ஒத்துவராது. செய்கிறேன் என்று சொல்லிவிட்டு ஐந்து வாரம் அப்படியே விட்டால் நாட்லெஸைவிட அதிக முடி சிக்கில் போகும். காப்பு என்பது பின்னலில் பாதி, அதை நேரத்துக்கு அவிழ்ப்பதில் பாதி.

நீச்சலுக்கு ஏற்றது கார்ன்ரோ. கரீபியத் தீவுகளிலும் இங்கே பிரிட்டனிலும் இதையே கேன்ரோ, அதாவது கரும்பு வரிசை, என்பார்கள். தலைத்தோலை ஒட்டியே, ஒவ்வொரு சுற்றிலும் அடியிலிருந்து கொஞ்சம் முடியை அள்ளிச் சேர்த்துக்கொண்டு வரிசையாகப் பின்னுவது. சவுரி சேர்க்காமல் எட்டுப் பத்து வரிசை போட்டால் ஒரு மணி நேரத்தில் முடியும். நீச்சல் தொப்பிக்குள் அடங்கும். வரிசைகளுக்கு இடையே நீர்த்த ஷாம்புவை விரலால் தடவிக் கழுவிவிடலாம். அடர்ந்த சுருள் முடிக்கென்று செய்த பெரிய தொப்பியை உலக நீச்சல் சம்மேளனம் 2021-இல் போட்டிகளுக்கு மறுத்து, கண்டனங்களுக்குப் பிறகு 2022-இல் ஏற்றுக்கொண்டது. குழந்தைகளின் வகுப்புக்கு அந்தத் தொப்பி இப்போது எளிதில் கிடைக்கிறது. கார்ன்ரோவில் கவனிக்க வேண்டியது திசை. எல்லா வரிசையும் நெற்றியிலிருந்து பின்னோக்கிப் போனால் நெற்றியோரத்தின் ஒவ்வொரு இழையும் ஒரே பக்கம் இழுபடும். நெற்றியின் பொடி முடிகளைப் பின்னலில் சேர்க்காமல் வெளியே விட்டு, ஒரு முறை நேராகவும் அடுத்த முறை பக்கவாட்டிலும் வரிசை மாற்றினால் அந்தச் சுமை பங்கிடப்படுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. தலையோடு ஒட்டிய பின்னலில் வேர் வளர வளரப் பின்னல் தோலைவிட்டு விலகி, அந்த இடைவெளியில் சிக்கு பிடிக்கும்.

பெரியவர்களுக்கு மட்டும் உரிய இரண்டு வழிகளை என் நாத்தனாரை வைத்தே சொல்லிவிடலாம். அவர் மருத்துவமனையில் செவிலியர். இரவுப்பணி முடிந்து வந்து தலையைப் பார்க்க நேரமில்லாதவர். அவர் தேர்ந்தெடுத்திருப்பது விக். உள்ளே தளர்வான கார்ன்ரோ, அதன்மேல் மெல்லிய தொப்பி, அதன்மேல் விக். வீட்டுக்கு வந்ததும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். தினமும் கழற்ற முடிவதுதான் இதன் பெரிய பலம், ஏனென்றால் தலைத்தோலுக்குக் காற்றும் தண்ணீரும் கிடைக்கிறது. பசை போட்டு நெற்றியில் ஒட்டும் வகையை அவர் ஓராண்டு பயன்படுத்திவிட்டு நிறுத்தினார். பசையை உரிக்கும்போது பொடி முடிகளும் கூடவே வந்தன. இப்போது உள்ளே எலாஸ்டிக் பட்டை வைத்தது. அதுவும் கன்னப்பொறியில் உராயும் என்பதால் பட்டையின் அடியில் வழவழப்பான சாட்டின் துண்டு வைத்துத் தைத்திருக்கிறார்.

விக்குக்கு எதிர்முனையில் இருப்பது தைக்கும் ஒட்டுமுடி. கார்ன்ரோவின்மேல் ஊசி நூலால் முடிப்பட்டைகளை வரிசையாகத் தைத்துவிடுவார்கள்; ஆறு வாரம், எட்டு வாரம் கழற்ற முடியாது. பார்ப்பதற்கு இதைவிட இயல்பானது இல்லை. ஆனால் அடியில் இருக்கும் பின்னலைக் கழுவுவதும், கழுவிய பின் முழுக்கக் காயவைப்பதும் கடினம். ஈரம் தங்கினால் நாறும், தோலில் பூஞ்சை பிடிக்கும். இந்த முடிப்பட்டைகளில் உயர்ந்த விலைக்கு விற்பது எந்த ஊர் முடி என்று பார்த்தால் நமக்கு வேடிக்கையாக இருக்கும். திருமலையில் பக்தர்கள் இறக்கும் முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. அது தரம் பிரிக்கப்பட்டு ஏற்றுமதியாகி, வேர் ஒரு பக்கமும் நுனி ஒரு பக்கமும் மாறாமல் அடுக்கிய ‘ரெமி’ முடியாக உலகச் சந்தைக்குப் போகிறது. தென் லண்டன் பெக்கம் பகுதிக் கடை ஒன்றில் ‘இந்தியன் ரெமி’ என்று எழுதித் தொங்கிய கற்றையைத் தொட்டுப் பார்த்தபோது, மொட்டை போட்டுக்கொண்ட என் அத்தையின் சடை நினைவுக்கு வந்தது. மகளுக்கு இந்த இரண்டில் எதுவும் வேண்டாம். வளரும் தலைக்கு நிரந்தரமாகத் தைப்பதற்கோ மூடுவதற்கோ எந்தக் காரணமும் இல்லை.

கொக்கி ஊசியால் கார்ன்ரோவில் சவுரியைக் கோத்துவிடும் குரோஷே முறை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். சவுரியை அடக்கமாக வைத்தால் பெரியவர்களுக்குச் சிக்கனமான வழி. போலி ஜடாமுடி எனப்படும் ஃபோ லாக்ஸ் அழகாக இருந்தாலும் எல்லாவற்றிலும் கனமானது, மெல்லிய முடிக்காரர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். சிறு சிறு உருண்டைகளாகச் சுருட்டி முடியும் பாண்டு முடிச்சு ஓரிரு நாள் அலங்காரம்.

இந்தப் பட்டியலில் இளையவர்கள் மறந்துவிட்ட ஒன்றை மாமியார்தான் காட்டிக்கொடுத்தார்: நூல் சுற்றுதல். கறுப்பு நூலை வேரிலிருந்து நுனிவரை கற்றையின்மேல் நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே போவது. மேற்கு ஆப்பிரிக்காவின் பல ஊர்களில் பழகிய முறை. ஓர் இரவு சுற்றி வைத்தால் சூடே படாமல் முடி நீண்டு நேராகிறது, மறுநாள் பின்னுவது பாதி வேலை. முடியைச் சூட்டுக்கருவியால் இழுத்துப் பின்னுபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அவர் சிறுமியாக இருந்த காலத்தில் பள்ளி மாணவிகள் முடியை ஒட்ட வெட்டிக்கொள்வது கானாவில் விதியாக இருந்தது. பள்ளிப் படிப்பு முடியும்வரை தன் தலையில் பின்னல் ஏறியதே இல்லை என்கிறார். “முடிக்கு அதைவிடக் காப்பு உண்டா?” என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஒட்ட வெட்டிய தலையும் ஒரு தேர்வுதான், ஆனால் கண்ணாடி முன்னால் சடையை ஆட்டிப் பார்க்க ஆசைப்படும் ஏழு வயதுக்காரியிடம் அதைச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

பள்ளி என்ன சொல்லும் என்ற பயத்தால் தேர்வைச் சுருக்கிக்கொள்ள வேண்டியதில்லை. கார்ன்ரோவோடு வந்த மாணவரைத் திருப்பியனுப்பிய பள்ளியின் விதி இனப்பாகுபாடு என்று இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. இயற்கை முடியையும் பின்னல்களையும் தடுக்கும் பள்ளி விதிகள் பெரும்பாலும் சட்டவிரோதம் என்று சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2022 அக்டோபரில் வழிகாட்டுதலும் வெளியிட்டது. அமெரிக்காவில் இதற்கெனத் தனிச் சட்டம் 2019-இல் முதன்முதலாகக் கலிபோர்னியாவில் வந்தது, பிறகு பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. நிறச் சவுரியும் மணிகளும் வேறு கதை. மணியைப் பள்ளி அனுமதித்தாலும், பின்னல் நுனியில் ஐந்து ஐந்தாகக் கோத்தால் அதுவும் எடைதான்.

இவ்வளவையும் வைத்து இந்த ஆண்டு நாங்கள் போட்ட கணக்கு இது. விடுமுறையின் முதல் இரண்டு வாரம் நீச்சல் வகுப்பு, ஒரு வாரக் கடைசியில் கடற்கரை. ஆகவே சவுரியில்லாத கார்ன்ரோ, வாரம் ஒரு அலசல். பிறகு நாலைந்து நாள் எதுவும் பின்னாமல் விட்டுவிட்டு, தோள்வரை மட்டும் நாட்லெஸ். சவுரி ஒன்றரைப் பொட்டலத்துக்கு மேல் இல்லை, வினிகரில் ஊறியது. சப்பும் பழக்கம் போன பிறகுதான் இதற்கு இணங்கினேன். நெற்றியோர வரிசையில் சவுரியே சேர்க்காமல் மெல்லிய இருபுரி முறுக்கு. பின்னுபவர் நாத்தனார் என்பதால் “வலிக்குது அத்தை” என்றதும் கை தளரும். கடையில் அந்த வார்த்தைக்கு எனக்குக் கிடைத்த பதில் ஏற்கெனவே சொன்னதுதான். பள்ளி திறந்து முதல் இரண்டு வாரக் காலைகளின் பரபரப்பையும் அந்தப் பின்னல் தாங்கிக்கொள்ளும், செப்டம்பர் பிற்பகுதியில் ஆறு வாரம் நிறையும்போது அவிழ்த்துவிடுவோம். அதன்பின் கிறிஸ்துமஸ் வரை இருபுரி முறுக்கு. இரவில் சாட்டின் தொப்பி, அது கழன்று விழும் நாளுக்குச் சாட்டின் தலையணை உறை. பருத்தி உறை ஈரத்தை உறிஞ்சி, புரளும்போதெல்லாம் இழையைத் தேய்க்கும்.

நெற்றியோரம் ஏற்கெனவே மெலிந்தவர்களுக்கும், பிள்ளை பெற்று முடி கொட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும், ரிலாக்ஸர் முடியும் புது முடியும் பாதிப் பாதியாக இருப்பவர்களுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. அவர்கள் சவுரி எதையும் தொடாமல் தளர்ந்த முறுக்கிலோ பசையில்லா விக்கிலோ நிற்பது நல்லது. தலைத்தோலில் செதிலோ புண்ணோ இருப்பவர்கள் பின்னுவதற்கு முன் தோல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

அவிழ்க்கும் நாளைப் பற்றி ஒன்று. மனிதத் தலையிலிருந்து நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி இயல்பாகவே உதிரும். பின்னலுக்குள் உதிர்ந்தவை வெளியே விழ வழியில்லாமல் அங்கேயே தங்கும். ஆறு வாரத்துக்கு அது 2,100-லிருந்து 4,200 வரை ஆகிறது. முதல் முறை அவிழ்த்தபோது என் மடியில் சேர்ந்த பந்தைப் பார்த்து, பின்னலால்தான் இத்தனையும் போயிற்று என்று அழுதேவிட்டேன். நாத்தனார் ஓர் இழையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு முனையில் வெள்ளைப் பொட்டு இருந்தது. பொட்டு இருந்தால் தானாக உதிர்ந்தது, பொட்டில்லாமல் குட்டையாக இருந்தால் ஒடிந்தது என்றார். இப்போது அவிழ்க்கும்போது குட்டை இழைகளை மட்டும் ஒரு காகிதத்தில் தனியே போட்டுப் பார்க்கிறேன்; அந்தக் குவியல் பெரிதாக இருந்தால் அடுத்த பின்னல் தள்ளிப்போகும். பின்னலின் அடியில் அழுக்கும் பசையும் சேர்ந்து சாம்பல் நிற வளையமாகப் படிந்திருக்கும். அதன்மேல் நேரே தண்ணீர் பட்டால் கம்பளிபோல் இறுகிவிடும் என்பதால், முதலில் கண்டிஷனர் தடவி விரலால் நெரித்துப் பிரித்துவிட்டு, அதன் பிறகே குழாயைத் திறக்கிறோம். அடுத்த ஒரு வாரம் அவள் தலையில் ஒரு ரப்பர் வளையம்கூட ஏறாது. பள்ளிக்குப் போகும் வழியில் காற்றுக்கு அது பாட்டுக்கு விரிந்து நிற்கும்.